சால்நோட்ஸ் ஜீரோவா, ட்ரூத்இயர் ஜீரோவா? காதுக்குச் சுகம் எது, கேட்கச் சுகம் எது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

வயர் வைத்த இன்-இயர் (காது ஓட்டைக்குள் சொருகும் இயர்போன்) வாங்கலாம் என்று தேடினால் இந்த இரண்டு பெயரும் கண்ணில் படாமல் போகாது. செவன்ஹெர்ட்ஸ் கம்பெனியின் சால்நோட்ஸ் ஜீரோ, ட்ரூத்இயர் கம்பெனியின் ஜீரோ. இரண்டும் 2022-ல் வந்தவை. வந்தபோது முதலாவது 20 டாலர், அடுத்தது 50 டாலர். இரண்டும் ஜீரோ என்பதால் முதலாவதை சால்நோட்ஸ் என்றும் அடுத்ததை ட்ரூத்இயர் என்றும் எழுதுகிறேன்.

சால்நோட்ஸ் என்னுடையது. ட்ரூத்இயர் என் மச்சான் வாங்கியது, ஓணத்துக்கு ஊருக்கு வந்தவர் என்னிடமே விட்டுப் போயிருக்கிறார். பொள்ளாச்சி போகும் பஸ்ஸிலும், கடையில் கணக்கு எழுதும் நேரத்திலும், ராத்திரி படுக்கையிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு வருகிறேன்.

முதலில் காது விஷயம். எல்லாரும் இதைக் கடைசி வரியில் ‘கம்ஃபர்ட் ஓகே’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. என் காது ஓட்டை சின்னது. ட்ரூத்இயரின் உடம்பு வழுவழுப்பான ரெசின், பார்க்க அழகு, காதுமடலுக்குள் நன்றாகவே உட்காருகிறது. ஆனால் ரப்பர் டிப் மாட்டும் நாசில் தடிமன், 6 மில்லிமீட்டருக்கு மேல். அதன் மேல் ரப்பரும் ஏறினால் என் காது வாசலில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. போட்டவுடன் ஒன்றும் தெரியாது. அரைமணி நேரம் போனதும் காது முகப்பில் இருக்கிற அந்தச் சின்ன மேட்டுக்கு உள்பக்கம் ஒரு வலி பிடிக்கும். வலது காதில்தான் அதிகம். கழற்றி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடாக இருக்கும்.

சால்நோட்ஸின் நாசில் ஒல்லி. உடம்பும் லேசு. போட்டதையே மறந்துவிட்டு வாடிக்கையாளரிடம் பேசப் போயிருக்கிறேன்.

ஒலி என்று வந்தால் கதை மாறுகிறது. ட்ரூத்இயரில் இரண்டு டைனமிக் டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்), 10 மில்லிமீட்டரில் ஒன்று, 7.8 மில்லிமீட்டரில் ஒன்று. பெரியது அடி பேஸை மட்டும் பார்த்துக்கொள்கிறது. அதனால் பேஸ் ஆழமாக இறங்குகிறது, ஆனால் குரலின் மேல் வந்து விழுவதில்லை. சால்நோட்ஸில் ஒரே 10 மில்லிமீட்டர் டிரைவர். அடி பேஸ் குறைவு, குரலும் வயலினும் தெளிவு, மேலே கொஞ்சம் பளிச். தாளம் தட்டும் இடத்தில் சில பாட்டுகளில் கூசும்.

என் தீர்ப்பு: என் மாதிரிக் காது உள்ளவர்களுக்கு சால்நோட்ஸ். ஒலியில் ட்ரூத்இயர் ஒரு படி மேல் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வலியோடு கேட்கிற பேஸ் எதற்கு? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மெமு பயணி

அண்ணா, நல்ல பதிவு, ஆனால் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. நான் பாலக்காட்டில் மெமு ரயிலில் ஏறி கோயம்புத்தூரில் இறங்குகிறவன். கஞ்சிக்கோடு தாண்டி வாளையார் வரைக்கும் ஜன்னல் திறந்திருக்கும், சக்கரச் சத்தம் மொத்தமும் உள்ளே வரும். அந்தச் சத்தத்தில் சால்நோட்ஸ் போட்டால் பேஸ் கிட்டாரே காணாமல் போகிறது. ட்ரூத்இயர் போட்டால் எட்டிமடை, மதுக்கரை, போத்தனூர் வரைக்கும் பாட்டு பாட்டாகவே இருக்கிறது.

எனக்குக் காது பெரிது. பெட்டியில் வந்ததிலேயே பெரிய டிப். ஒரு நாளும் வலித்ததில்லை. தினமும் இரண்டு வேளை போடுகிறேன். ஆக, காது வலி என்பது ட்ரூத்இயரின் குற்றம் என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது.

எட்டிமடை மாணவன்

அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். இதே காசுக்கு நாய்ஸ் கேன்சலிங் உள்ள வயர்லெஸ் பட்ஸ் கிடைக்கிறதே, அதை வாங்கினால் என்ன? ஹாஸ்டலில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கும் காது சின்னதுதான். ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும் ஃபோம் டிப் போட்டால் ட்ரூத்இயர் சரியாகிவிடும் என்றும் ஒருவன் சொன்னான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

தம்பி, ரயில் சத்தத்தை மட்டும் அடக்க வேண்டும் என்றால் பட்ஸ் வாங்கலாம், தப்பில்லை. பாட்டு கேட்க என்றால் இந்த விலையில் வயருக்குத்தான் என் ஓட்டு. பேட்டரி வீணாகாது. இந்த இரண்டிலும் வயர் தனியாகக் கழலும், 0.78 மில்லிமீட்டர் டூ-பின் இணைப்பு. வயர் அறுந்தால் வயரை மட்டும் மாற்றினால் போதும், மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதில்லை.

ஃபோம் பற்றி: வலி குறையும், முழுக்கப் போகாது. நாசில் தடிமன் அப்படியேதானே இருக்கிறது? மேல் ஒலியும் கொஞ்சம் மங்கும். சால்நோட்ஸில் அந்த மங்கல் நல்லதாகவே படுகிறது, கூச்சம் அடங்கும். ட்ரூத்இயரில் எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய ரேடியோ

கொஞ்சம் பெரிதாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரேடியோ, டேப்ரிக்கார்டர், ஆம்ப்ளிஃபயர் என்று சித்தூரில் ரிப்பேர் வேலையிலேயே வயது போய்விட்டது. இப்போது இந்தச் சின்னக் கருவிகள் மேல் ஆசை.

சுகம் வேறு, ஒலி வேறு என்று நீங்கள் இருவரும் பேசுகிறீர்கள். இன்-இயரில் அந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. காதுக்குழாய் சுமார் 25 மில்லிமீட்டர் நீளம். வெறும் காதில் அது ஒரு முனை மூடிய குழல், அதனால் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். நம் மூளை பிறந்ததிலிருந்து அந்தத் தூக்கலோடு கேட்டுப் பழகியது. இன்-இயரைச் சொருகியதும் குழாய் அடைபட்டு அந்த இயற்கைத் தூக்கல் கலைந்துவிடும். அதைக் கருவி தயாரிக்கிறவர்தான் திரும்பக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு ஜீரோவும் அதைக் கவனித்துச் செய்தவை, அதனால்தான் இந்த விலையில் குரல் இவ்வளவு இயல்பாக இருக்கிறது.

பேஸ் முழுக்க முழுக்க அடைப்பைப் பொறுத்தது. டிப்புக்கும் தோலுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் கீழ் ஒலி வெளியே ஓடிவிடும், மேல் ஒலி அப்படியே இருக்கும். கேட்கிறவருக்கு ‘இந்த இயர்போன் கூசுகிறது, பேஸ் இல்லை’ என்று தோன்றும். சோதிக்க வழி சுலபம். 40 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை மெதுவாக ஓடவிட்டு, கருவியை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது ஒலி பெருகினால் உங்கள் அடைப்பு பத்தவில்லை.

அப்புறம் ஒன்று. வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், காதுக்குழாயின் வடிவமே மாறும். அசையாமல் உட்கார்ந்து ‘ஃபிட் சரி’ என்பார்கள், இரண்டு வெற்றிலை மென்றால் ஒரு பக்கம் நழுவிவிடும். டிப் தேர்ந்தெடுக்கும்போது பேசிக்கொண்டே, மென்றுகொண்டே பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு என்று சட்டம் ஒன்றும் இல்லை. எனக்கு இடது பக்கம் நடு அளவு, வலது பக்கம் சின்னது.

சொருகும் விதமும் முக்கியம். எதிர்க் கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாய் நேராகும். அந்த நேரத்தில் உள்ளே விட்டு, மடலை விடுங்கள். தம்பி ஃபோம் வாங்கினால் இது இல்லாமல் வேலைக்கு ஆகாது.

கடைசியாக, ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தினீர்களா? ஒரே வால்யூமில் வைத்தால் எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

ஐயா, இப்படி யாராவது எழுத மாட்டார்களா என்றுதான் இழையைத் தொடங்கினேன். என் போனில் ஒரே வால்யூமில் ட்ரூத்இயர்தான் சத்தமாகக் கேட்கிறது, அதனால் அதைக் குறைத்து வைத்துத்தான் ஒப்பிட்டேன். ஆனால் அந்த 40 ஹெர்ட்ஸ் சோதனை எனக்குப் புதிது. இன்று ராத்திரியே செய்கிறேன்.

தனியாவர்த்தனம்

நான் மிருதங்கக்காரன், அந்தக் கண்ணோடு சொல்கிறேன்.

மிருதங்கத்தில் இரண்டு முகம். வலது முகமான வலந்தலையில் நடுவே கறுப்பாக ஒட்டியிருக்கும் கரணைதான் அதற்குச் சுருதி சேர்ந்த நாதம் கொடுக்கிறது. மற்றத் தோல் கருவிகளைப் போல இரைச்சலாக இல்லாமல், தந்திக் கருவி மாதிரி ஒழுங்கான மேல்நாதங்கள் வருவதை சி.வி. ராமன் 1920-லேயே எழுதியிருக்கிறார். இடது முகமான தொப்பிப் பக்கம் ரவையைத் தண்ணீரில் பிசைந்து ஒட்டுவோம். ரவை ஏற ஏற நாதம் தாழும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவோம். ஆக, ஒரு கருவியிலேயே மேல் கீழ் இரண்டுக்கும் பரீட்சை இருக்கிறது.

சால்நோட்ஸில் வலந்தலை அபாரம். சாப்பு என்ற அடி விழும்போது விரல் விளிம்பில் படுவது, நாதம் எழுவது, அது தேய்வது எல்லாம் தனித்தனியாகத் தெரியும். தொப்பியில் கும்கி என்று கையை அழுத்தி இழுக்கும்போதுதான் குறை. நாதம் வளைந்து ஏறுவது கேட்கிறது, உடம்பில் படும் அந்தக் கனம் இல்லை. ட்ரூத்இயரில் அந்தக் கனம் வருகிறது, புதிய ரெக்கார்டிங் என்றால் மேடையில் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி.

ஆனால் நான் அதிகம் கேட்பது பழையவை. செம்பை பாகவதர், பாலக்காடு மணி ஐயர் காலத்துக் கச்சேரிகள். நம் மண்ணின் சொத்து. மணி ஐயர் மைக்கையே விரும்பாதவர், அப்போது பதிவு செய்த விதமும் வேறு. அந்த டேப்புகளில் அடி பேஸ் என்று பெரிதாக ஒன்றும் பதிவாகவில்லை. கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் உறுமல்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ட்ரூத்இயர் அந்த உறுமலைத் தூக்கிக் காட்டுகிறது! சுருதிப்பெட்டியோடு அது கலந்து பாட்டுக்கே தொந்தரவு. பழைய கச்சேரிக்கு சால்நோட்ஸ் எடுத்துவிடுகிறேன். எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.வி.யின் பழைய மோனோ பாட்டுகளுக்கும் அதுவே நல்லது. எண்பதுகளுக்குப் பிறகு வந்த சினிமாப் பாட்டுக்கு ட்ரூத்இயர்.

கேரளக் கோயில் மேளமான பஞ்சவாத்தியத்துக்கு இரண்டும் போதாது. நெம்மாறை வல்லங்கி வேலை திருவிழாவில் நேரில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். திமிலையும் மத்தளமும் பரவாயில்லை, இலைத்தாளம் என்ற பெரிய ஜால்ரா கூட்டமாக விழும்போது சால்நோட்ஸில் கூர்மை காதைக் குத்துகிறது. வால்யூமைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

மெமு பயணி

தனி சார், ரயிலில் பழைய கச்சேரி கேட்டுப் பாருங்கள், அந்த உறுமல் எங்கே போச்சு என்றே தெரியாது. எல்லாம் சக்கரத்துக்கு அடியில் போய்விடும். நான் சொல்வதும் அதுதான், கேட்கும் இடத்தை விட்டுவிட்டு ஒலியை அளக்க முடியாது.

தனியாவர்த்தனம்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சக்கரத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று எவ்வளவு சத்தம் வைக்கிறீர்கள்? அதையும் சொல்லுங்கள்.

வேலந்தாவளம் செல்வி

இந்தக் கேள்வி வந்ததே நல்லது. நான் நர்ஸ். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி. ரயில் இரைச்சலுக்கு மேலே பாட்டை ஏற்றுகிறவர்கள் இதை எளிதாகத் தாண்டிவிடுவார்கள். போட்டுக்கொண்டால் வெளிச்சத்தம் எவ்வளவு குறைகிறது என்பதும் சுகத்தில் சேர்த்திதான். அடைப்பு நன்றாக இருந்தால் வால்யூம் தானாகக் குறையும்.

இன்னொன்று யாரும் எழுதவில்லை. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஆரம்பித்தால் காது அரிப்பு, பூஞ்சைத் தொற்று என்று ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். காதுக்குள் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். குளித்துவிட்டு ஈரக் காதில் டிப்பைச் சொருகாதீர்கள். நம் பக்கம் காதில் தேங்காய் எண்ணெய் காய்ச்சி விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அதுவும் வேண்டாம். டிப்பைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அடுத்தவருடையதைப் போட்டுப் பார்க்கும்போது உங்கள் டிப்பை மாட்டிப் பாருங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி விட்டு நோண்டினால் அழுக்கு உள்ளேதான் போகும்.

கொழிஞ்சாம்பாறை அண்ணா, வலது காதில் மட்டும் வலி அதிகம் என்கிறீர்கள். வலி இருக்கிற காதில் டிப்பைச் சின்னதாக்கிப் பாருங்கள். அப்போதும் வலித்தால், அல்லது போடாதபோதும் வலித்தால், காது டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ‘பழகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தோல் பழகாது, புண்ணாகும்.

பழைய ரேடியோ

செல்வியம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது என்று என்னிடம் வரும் இன்-இயர்களில் நிறையவற்றுக்கு டிரைவரில் பழுதே இருக்காது. நாசில் முனையில் இருக்கும் சின்ன வலையில் காது அழுக்கு ஏறியிருக்கும். டிப்பைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வலை முகத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஊசி வேண்டாம், வலை கிழிந்தால் ஒலியே மாறிவிடும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

சோதனை செய்துவிட்டேன். விவரமாகவே எழுதுகிறேன்.

சால்நோட்ஸை அழுத்தியபோது இடது பக்கம் மாற்றமில்லை. வலது பக்கம் 40 ஹெர்ட்ஸ் பெருகியது. டிப்பை ஒரு அளவு மாற்றி, ஐயா சொன்னபடி மடலை இழுத்துச் சொருகியதும் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒன்றுதான். இப்போது சால்நோட்ஸின் பேஸ் முதல் பதிவில் நான் எழுதியதைவிட நன்றாகவே இருக்கிறது. இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம் சுருங்கிவிட்டது, மறையவில்லை. அதன் மேல் போனின் ஈக்யூவில் (ஒலியின் மேல் கீழை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர்) 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் ஏற்றினேன். ஏற்றிய அளவுக்கு மொத்த ஒலியைக் குறைத்தும் வைத்தேன், இல்லாவிட்டால் உச்சத்தில் உடையும். கும்கி இப்போது இறங்கி வருகிறது தனி சார், கேட்டுப் பாருங்கள்.

ட்ரூத்இயருக்குச் சின்ன டிப், நீளம் கூடியதாக, ஊரில் ஒரு கடையில் கிடைத்ததை மாட்டினேன். டிப்பின் முனை நாசிலைத் தாண்டி நீள்வதால் தடிமனான பகுதி காது வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. வலி பாதிக்கு மேல் குறைந்தது. ஒரு கச்சேரி முழுக்கக் கேட்க முடிகிறது, இரண்டாவது கச்சேரிக்கு முடியவில்லை.

காற்று பற்றியும் சொல்ல வேண்டும். நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில், ஆனி ஆடியில் வீதியில் நடந்தால் எந்த இயர்போனுக்கும் ஓசைதான். இரண்டிலும் வயர் காதுமேல் சுற்றிப் போவதால் சட்டையில் உரசும் சத்தம் பெரிதாக ஏறுவதில்லை. தாடைக்குக் கீழே இருக்கும் சின்ன வளையத்தை ஏற்றிவிட்டால் இன்னும் குறையும். ஆனால் பனங்காட்டு வழியாகப் பைக்கில் போகும்போது காதில் எதையும் போடாதீர்கள், பின்னால் வரும் லாரி கேட்காது.

என் பக்கம் மாறவில்லை. சின்னக் காதுக்கு சால்நோட்ஸ், கூடவே ஈக்யூ. பெரிய காது, ரயில் பயணம் என்றால் மெமு தம்பி சொன்னபடி ட்ரூத்இயர்.

மெமு பயணி

இதை முழுசா ஏற்கிறேன் அண்ணா. செல்வி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று வால்யூமைக் குறைத்துக் கேட்டேன். முதலில் வாளையார் வரைக்கும் ஒரு மாதிரி இருந்தது, அப்புறம் காது அதற்கே செட் ஆகிவிட்டது.

எட்டிமடை மாணவன்

எனக்கு சால்நோட்ஸ்தான் என்று தோன்றுகிறது. ஆனால் வாங்கும் முன் இரண்டையும் ஒரு தடவை போட்டுப் பார்க்க ஆசை. என் போனில் 3.5 மில்லிமீட்டர் இயர்போன் ஓட்டையும் இல்லை. டாங்கிள் (போனுக்கும் வயருக்கும் நடுவில் மாட்டும் சின்ன இணைப்பு) எது வாங்கினாலும் போதுமா?

பழைய ரேடியோ

இந்த இரண்டுக்கும் பெரிய ஆம்ப் தேவையில்லை தம்பி, ஒழுங்கான யூஎஸ்பி-சி டாங்கிள் ஒன்று போதும். ஆப்பிள் டாங்கிள் நல்லது, ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் குறைவாகத்தான் வரும். உன் போனில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

தம்பி, சனிக்கிழமை மதியம் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் இறங்கி எனக்கு மெசேஜ் போடு, கடை பக்கத்தில்தான். இரண்டையும் எடுத்து வைக்கிறேன். டாங்கிளும் இருக்கிறது. டிப் மட்டும் சின்னது, நடு அளவு இரண்டும் உன்னுடையதாகக் கொண்டு வா.